டிராம் வண்டிக் கல்லூரி: ஒரு நகரம் விட்டுக்கொடுக்காத கதை

நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் கட்-ஆஃப் கிடையாது. பதினெட்டு வயது நிறைந்த யாரும் சேரலாம், எழுபது வயதிலும் சேரலாம். பக்கத்து வகுப்பில் சமையல் கலை, எதிர் வகுப்பில் கால்குலஸ், மாடியில் புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு ஆங்கிலப் பாடம். நம்ம ஊர் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., முதியோர் கல்வி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் அதற்குப் பெயர் கம்யூனிட்டி காலேஜ். இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் சேரலாம்.

அப்படிப்பட்ட கல்லூரிகளில் ஒன்றுதான் சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ். அரசுப் பணத்தில் நடக்கும் அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை மூடுவிழாவுக்கே தேதி குறித்தார்கள். அது பிழைத்த கதை சுவாரஸ்யமானது.

கட்டடமே இல்லாத கல்லூரி

1935. அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தம் உலுக்கிக்கொண்டிருந்த நேரம். பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு வேலையும் இல்லை, பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணமும் இல்லை. நகரின் கல்வித்துறை அதிகாரியான ஆர்ச்சிபால்ட் கிளவுட் விடாமல் முயன்று, 'சான் பிரான்சிஸ்கோ ஜூனியர் காலேஜ்' என்ற பெயரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். முதல் தலைவரும் அவர்தான்.

கல்லூரி வந்துவிட்டது. கட்டடம்? அதுதான் இல்லை. காலை வகுப்புகள் பவல் தெருவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில், மதிய வகுப்புகள் கலிலியோ உயர்நிலைப் பள்ளியில். கூட்டம் பெருகப் பெருக, நகரம் முழுக்க எங்கே அறை கிடைத்ததோ அங்கெல்லாம் வகுப்பு நடந்தது. ஒரு வகுப்பு முடிந்ததும் புத்தகத்தோடு ஓடிப்போய் டிராம் பிடித்தால்தான் அடுத்த வகுப்புக்குப் போக முடியும். 'டிராம் வண்டிக் கல்லூரி' என்று ஊரே செல்லமாக அழைத்தது.

நகரின் பழைய சிறைச்சாலை இருந்த பகுதியில் நிலம் ஒதுக்கப்பட்டு, 1940-ல் அறிவியல் கட்டடம் எழுந்தது. வரைபடம் போட்டவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டிமோத்தி ஃப்ளூகர். கைதிகள் இருந்த மேட்டில் மாணவர்கள் ஏறினார்கள்.

பெட்டிக்குள் தூங்கிய ஓவியம்

அதே 1940-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு மெக்சிகோ ஓவியர் டியாகோ ரிவேராவை அழைத்து வந்தவரும் ஃப்ளூகர்தான். மக்கள் வேடிக்கை பார்க்கப் பார்க்க, 22 அடி உயரமும் 74 அடி நீளமும் கொண்ட பிரமாண்டமான சுவரோவியத்தை ரிவேரா அங்கே தீட்டினார். வட, தென் அமெரிக்காக்களின் ஒற்றுமைதான் கரு. கல்லூரியில் கட்டப்போகும் நூலகத்துக்குத்தான் அந்த ஓவியம் என்று பேச்சு.

ஆனால் போர் வந்தது, நூலகம் வரவில்லை. ஃப்ளூகரும் 1946-ல் காலமானார். ஓவியம் பெட்டிகளுக்குள் அடைந்து கிடந்தது. இருபது வருடம் கழித்து, 1961-ல்தான் கல்லூரியின் நாடக அரங்கில் அது சுவரேறியது.

இதற்கிடையே கல்லூரி வளர்ந்துவிட்டது. உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் அரசு உதவித்தொகையோடு படிக்க வந்து குவிந்தார்கள். கடற்படை விட்டுப்போன தற்காலிகக் குடியிருப்புகள்கூடப் பயன்பட்டன. 1948-ல் 'சிட்டி காலேஜ்' என்ற இன்றைய பெயர் வந்தது.

மூடுவிழாவுக்குத் தேதி

கலிபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரிகளில் நெடுங்காலம் கல்விக் கட்டணமே இல்லை. 1978-ல் சொத்து வரிக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். வருமானம் சுருங்கியது. 1984-ல் கட்டணம் வந்தது. செமஸ்டருக்கு அதிகபட்சம் 50 டாலர் என்று தொடங்கியது, பின்னாளில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் வரை போனது. இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 யூனிட் என்றால், கட்டணம் மட்டும் 2,760 டாலர்.

பெரிய இடி 2012-ல் விழுந்தது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஆணையம் பதினான்கு குறைகளைப் பட்டியலிட்டது. பாடம் சரியில்லை என்பதல்ல பிரச்னை. நிதி நிர்வாகமும் தலைமையும் சரியில்லை என்பதுதான் முக்கியக் குற்றச்சாட்டு. சைனா டவுன் பகுதியில் கல்லூரியின் 14 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டதும் அதே வருடம்தான்!

2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது: அடுத்த ஆண்டு ஜூலையோடு அங்கீகாரம் ரத்து. அங்கீகாரம் போனால் அரசுப் பணம் நிற்கும், மாணவர்களுக்கான உதவித்தொகை நிற்கும், படித்த படிப்பைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காது. மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் படித்த கல்லூரி அது. மூடப்போகும் இடத்தில் யார் சேருவார்கள்? தேதி நெருங்கும் முன்பே ஆயிரக்கணக்கானோர் விலகிப் போனார்கள். ஓட்டல் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஆங்கிலம் கற்ற அகதிக்கும், வேலை இழந்து ஐம்பது வயதில் புதுத் தொழில் கற்க வந்தவருக்கும் அது வெறும் நிர்வாகச் செய்தி அல்ல. அவர்களுக்கு இருந்த ஒரே கதவு சாத்தப்படுகிறது என்று அர்த்தம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். ஆணையத்தின் மீது நகர அரசு வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா வழக்குத் தொடுத்தார். 2014 ஜனவரியில் நீதிபதி கர்டிஸ் கார்னோ ரத்துக்குத் தடை விதித்தார். ஆணையம் சட்டப்படி நடக்கவில்லை என்று பின்னர் தீர்ப்பும் வந்தது. இன்னொரு பக்கம், கல்லூரி தன் கணக்கு வழக்குகளைச் சீர்செய்யும் வேலையில் இறங்கியது. 2017 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு முழு அங்கீகாரம் கிடைத்தது.

மறுபடியும் இலவசம்

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2016 நவம்பரில், நகர மக்கள் ஒரு வரியை ஓட்டுப் போட்டு நிறைவேற்றியிருந்தார்கள். 50 லட்சம் டாலரும் அதற்கு மேலும் விலைபோகும் சொத்துகளின் விற்பனைக்குக் கூடுதல் வரி. அந்த வருமானத்தை நம்பி, 2017-ல் சான் பிரான்சிஸ்கோவாசிகளுக்கு சிட்டி காலேஜில் மறுபடியும் கட்டணமில்லாப் படிப்பு வந்தது. ஏற்கெனவே கட்டணச் சலுகை பெற்றுவந்த ஏழை மாணவர்களுக்குப் புத்தகச் செலவு போன்றவற்றுக்கு உதவித்தொகையும் கிடைத்தது.

இதோடு சுபம் என்று சொல்லிவிட முடியாது. விலகிப்போன கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. கொரோனா வந்து இன்னும் குறைத்தது. நிதி நெருக்கடியில் ஆசிரியர்கள் வேலை இழந்ததும் நடந்தது. கதவு திறந்திருந்தால் போதாது, உள்ளே பாடம் நடத்த ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும் என்ற பாடத்தை அந்த ஊர் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பெருமந்தத்தின் நடுவில் கட்டடம்கூட இல்லாமல் கல்லூரி தொடங்கியதும் அந்த ஊர்தான். எண்பது வருடம் கழித்து அது மூடப்படும் என்றதும் நீதிமன்றப் படி ஏறியதும், வரி போட்டுக் காப்பாற்றியதும் அந்த ஊர்தான். ஊர்க்காரர்கள் 'எங்களுடையது' என்று நினைக்கிற கல்லூரியை மூடுவது அத்தனை சுலபமில்லை!