பன்னிரண்டு ஐங்கோணங்கள் கட்டிய கோட்டை

கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட கால்பந்து ஒன்று கிடைத்தால் அதன் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். 20 அறுகோணங்களும் 12 ஐங்கோணங்களும் இருக்கும். இந்தப் பன்னிரண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத வைரஸ் உலகிலும் இதே எண்தான் ஆட்சி செய்கிறது!

வைரஸ் என்பது என்ன? மரபுச் செய்தியைத் தாங்கும் நியூக்ளிக் அமிலம். அதைக் காக்கும் புரத உறை. குளோரெல்லா என்னும் ஒரு செல் பாசியைத் தாக்கும் பிபிசிவி-1 என்ற பெரு வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு சுமார் 190 நானோமீட்டர். போலியோ வைரஸைப் போல இது ஆறு மடங்கு அகலம். ஆயினும் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இப்படிப்பட்ட ஐயாயிரம் வைரஸ்களை வரிசையாக வைத்துவிடலாம்.

இந்த உறையை ஒரே பெரிய புரதமாகச் செய்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உறையின் முக்கியப் புரத மூலக்கூறுகள் 5040. ஒவ்வொன்றிலும் நானூறுக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். ஆக மொத்தம் 20 லட்சத்துக்கு மேல். ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்க மூன்று மரபு எழுத்துகள் வேண்டும். அப்படியானால் 60 லட்சம் எழுத்துகளுக்கு மேல் தேவை. வைரஸிடம் இருப்பதோ ஏறத்தாழ 3,30,000 எழுத்துகள்தாம்!

எனவே வழி ஒன்றே: ஒரு செங்கல்லுக்கு மட்டும் குறிப்பு எழுதி வைத்து, அதே செங்கல்லை ஆயிரக்கணக்கில் வார்ப்பது. சிறிய வைரஸ்கள் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று கிரிக், வாட்சன் இருவரும் 1956-லேயே கூறினர்.

அடுத்த சிக்கல், அடுக்கும் முறை. அறுகோணங்களை மட்டும் சேர்த்தால் தேன்கூடு போலத் தட்டையான பரப்புதான் கிடைக்கும். அது வளைந்து மூட வேண்டுமானால் இடையிடையே ஐங்கோணங்கள் வேண்டும். உறை எவ்வளவு பெரிதானாலும் அவை சரியாகப் பன்னிரண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பெருகுவது அறுகோணங்களே. இந்த விதியைக் கொண்டு வைரஸ் உறைகளின் அமைப்பை 1962-இல் விளக்கியவர்கள் காஸ்பர், குளுக் என்ற அறிஞர்கள். குளுக் 1982-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நம் பாசி வைரஸில் மூன்று புரதங்கள் கூடி அறுகோண வடிவச் செங்கல் ஒன்றாகின்றன. 66 செங்கற்கள் சேர்ந்தால் ஒரு முக்கோணப் பலகை. அத்தகைய பலகைகள் 20. பன்னிரண்டு முனைகளிலும், நடுவே ஓர் ஐங்கோணமும் அதைச் சுற்றி 30 செங்கற்களும் கொண்ட மூடிகள். கூட்டிப் பாருங்கள்: 20 × 66 = 1320; 12 × 30 = 360; மொத்தம் 1680 செங்கற்கள். மூன்றால் பெருக்கினால் அதே 5040!

இங்கே மேஸ்திரி யாரும் இல்லை. புரதங்களின் வடிவமும் அவற்றிடையே உள்ள கவர்ச்சியுமே அவற்றை இடத்தில் பொருத்துகின்றன. ஆனால் எந்த அளவில் கட்டுமானத்தை நிறுத்துவது? உறையின் உட்புறம் ஒரு முனையருகிலிருந்து மறுமுனையை நோக்கி நீளும் நூல் போன்ற புரதம் ஒன்று அளவுகோலாகப் பணிபுரிவதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

நீங்களும் கட்டிப் பார்க்கலாம். அட்டையில் 20 சமபக்க முக்கோணங்களை வெட்டி, ஒவ்வொரு முனையிலும் ஐந்து சேரும்படி ஒட்டுங்கள். முடிந்ததும் முனைகளை எண்ணுங்கள். எத்தனை வருகிறது?