மு. பிரனேஷ்

மு. பிரனேஷ் சிவகங்கை மாவட்டம் காரைக்குடியைச் சேர்ந்த சதுரங்க ஆட்டக்காரர். இந்தியாவின் 79ஆவது கிராண்ட்மாஸ்டர். 2023 சனவரியில் இப்பட்டத்திற்குத் தகுதி பெற்றபோது இவருக்கு வயது 16.

பட்டத்திற்கான தகுதிகள்

கிராண்ட்மாஸ்டர் பட்டம் பொதுவாக ஒரே போட்டியில் வென்று பெறுவதன்று. அதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, 'நார்ம்' எனப்படும் தகுதி நிலையை மூன்று முறை அடைவது. அதற்குப் பொதுவாக ஒன்பது சுற்றுகள் கொண்ட தொடரில், கிராண்ட்மாஸ்டர்கள் மூவரையாவது எதிர்கொண்டு, 2600 புள்ளித் தரத்துக்கு நிகராக ஆட வேண்டும். இரண்டாவது, எலோ தரப்புள்ளி ஒரு முறையேனும் 2500ஐத் தொடுவது.

நார்ம் பெறப் பொதுவாக வெளிநாட்டு ஆட்டக்காரர்களுடனும் மோத வேண்டும். இதனால் பயணம், தங்குமிடம், பயிற்சி எனச் செலவு மிகுகிறது. பெருநகருக்கு வெளியே வாழும் இளையோர் பலருக்குத் திறமையைவிட இதுவே பெரிய தடை. காரைக்குடியிலிருந்து சென்னைக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

ஸ்டாக்ஹோம் வெற்றி

மூன்று நார்ம்களையும் முன்பே பெற்றுவிட்ட பிரனேஷுக்கு எஞ்சியிருந்தது 2500 என்ற எல்லை மட்டுமே. சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் புத்தாண்டையொட்டி நடைபெறும் ரில்டன் கோப்பைப் போட்டியில் அவர் அதைக் கடந்தார். தரவரிசையில் 22ஆம் இடத்தில் தொடங்கியவர், 9 சுற்றுகளில் 8 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றார். எட்டு வெற்றி, ஒரு தோல்வி. ஓர் ஆட்டம்கூடச் சமனில் முடியவில்லை. 

பயிற்சி

இவர் கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷிடம் பயின்றவர். ரமேஷ், தம் மனைவியும் மகளிர் கிராண்ட்மாஸ்டருமான ஆர்த்தி ராமசாமியுடன் இணைந்து சென்னையில் 'செஸ் குருகுலம்' பயிற்சியகத்தை நடத்துகிறார். ஆர். பிரக்ஞானந்தாவும் இவருடைய மாணவரே.

பின்னைய ஆட்டங்கள்

2025 ஆகத்தில் நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் தொடரின் சேலஞ்சர்ஸ் பிரிவில் பிரனேஷ் 9 சுற்றுகளில் 6.5 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார். அப்பிரிவில் வெல்பவருக்கு அடுத்த ஆண்டின் மாஸ்டர்ஸ் பிரிவில் இடம் உண்டு. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களைச் சொந்த மாநிலத்திலேயே சந்திக்கும் வாய்ப்பு அது.

முக்கியத்துவம்

தமிழகச் சதுரங்க வரலாறு பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே எழுதப்படுகிறது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் ஆகியோரின் ஆட்ட வாழ்வு அந்நகரோடு பிணைந்தது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாடும் அதன் அருகிலுள்ள மாமல்லபுரத்திலேயே நடந்தது.

அவ்வரிசையில் செட்டிநாட்டு நகரம் ஒன்றின் பெயரும் சேர்ந்திருப்பதே பிரனேஷின் பட்டத்திற்குத் தனிச் சிறப்பு. சிற்றூர் மாணவர்களுக்கு இது இரண்டைச் சொல்கிறது. உச்சியை எட்டப் பிறந்த ஊர் தடையல்ல. ஆனால் நல்ல பயிற்சியும் வலுவான எதிராளிகளும் இன்றி எட்டவும் முடியாது. அவ்விரண்டும் மாவட்டங்களிலேயே கிடைத்தால், அடுத்து வருபவர்களின் பயணம் இவ்வளவு நீண்டதாக இராது.