நாரை அறிந்த வேளை: எரேமியா 8:7-உம் இன்றைய பறவைகளும்

எரேமியா தீர்க்கதரிசி தம் மக்களின் மனக்கடினத்தைக் கண்டிக்கையில் வானத்துப் பறவைகளைச் சாட்சிகளாக நிறுத்துகிறார் (எரே. 8:7). நாரை, காட்டுப்புறா முதலியன வரவேண்டிய காலத்தில் தவறாது வருகின்றன. உடன்படிக்கையின் மக்களோ தம் ஆண்டவரின் நியாயத்தை உணராதிருக்கின்றனர். இதுவே அவருடைய வாதம். ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே ஆண்டுதோறும் இருமுறை வலசை செல்லும் பறவைகள் பாலஸ்தீன நாட்டின்மீது பெருந்திரளாய்க் கடக்கின்றன. ஆதலின் கேட்டோர் அனைவரும் கண்டறிந்த காட்சியையே தீர்க்கதரிசி எடுத்தாண்டார். பறவை தன் காலத்தை அறியும் என்பதே அவ்வாதத்தின் அடிப்படை. அவ்வறிவு இன்று பறவைக்குப் பயன்படாது போகும் நிலை தோன்றியுள்ளது.

கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவையை நோக்குவோம். இது மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் ஐரோப்பியக் காடுகளுக்குத் திரும்பிக் குஞ்சு பொரிக்கிறது. எப்பொழுது புறப்படுவது என்பதை இது பெரும்பாலும் பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டே அறிகிறது. புவி வெப்பமுறினும் பகலின் நீளம் மாறுவதில்லை. ஆனால் நெதர்லாந்தில் வசந்தம் முந்துகிறது. கருவாலி மரங்கள் முன்னதாகத் தளிர்க்கின்றன. தளிரை உண்ணும் கம்பளிப்புழுக்களும் முன்னதாகப் பெருகி மறைகின்றன. குஞ்சுகளுக்கு உணவு மிகுதியாக வேண்டிய நாள்களில் புழுக்கள் அருகிவிடுகின்றன. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, புழுக்கள் மிக முந்திப் பெருகும் பகுதிகளில் இப்பறவைகள் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தன. அவை தம் வேளையைத் தவறவிடவில்லை, வேளையே இடம்பெயர்ந்தது.

எரேமியா குறிப்பிடும் காட்டுப்புறாவும் இன்னலுற்றுள்ளது. வறியோர் காணிக்கையாகச் செலுத்த நியாயப்பிரமாணம் அனுமதித்த பறவை இது (லேவி. 5:7, லூக். 2:24). களைக்கொல்லிகளால் களைகளின் விதைகள் அருகியமையாலும் வேட்டையாலும் ஐரோப்பாவில் பெரிதும் குறைந்து, 2015இல் உலக அளவில் அழிவை நோக்கும் இனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. நாரையின் நிலை வேறு. ஸ்பெயின், போர்ச்சுக்கல் நாடுகளில் வெண்ணாரைகள் பல இப்பொழுது ஆப்பிரிக்காவுக்குச் செல்லாமல், குப்பைமேடுகளில் இரைதேடிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மனிதரின் கழிவில் பிழைக்கக் கற்ற இனங்கள் தழைக்கின்றன; ஒரே காட்டையும் ஒரே உணவையும் சார்ந்தவை தேய்கின்றன. பன்மை குன்றுவது இவ்வாறே. உலகிலுள்ள சுமார் 11,000 பறவையினங்களில் எட்டில் ஒன்று அழியும் அபாயத்தில் உள்ளது. வட அமெரிக்காவில் மட்டும் 1970க்குப் பின் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்தன என 2019இல் கணக்கிடப்பட்டது.

ஈண்டு ஒரு மறுப்பு எழக்கூடும். பருவங்கள் ஒழிவதில்லை என்று நோவாவின் காலத்தில் வாக்களிக்கப்பட்டதே (ஆதி. 8:22), பின் அச்சம் ஏன் என்பர். வசந்தம் ஒழியாது என்பதே அவ்வாக்குறுதி; மனிதர் அதனை நிலைகுலைக்க இயலாது என்பதன்று. நெதர்லாந்தில் வசந்தம் ஓர் ஆண்டும் வராமல் இருந்ததில்லை. ஆயினும் குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. அடைக்கலான் குருவியும் பிதாவின் நினைவிலுள்ளது (மத். 10:29) என்னும் போதனையும் நமக்கு விலக்கு அளிப்பதன்று, அவர் நினைப்பதை நாம் மறந்தோம் என்னும் குற்றத்தையே மிகுவிக்கிறது. உண்மையும் இரக்கமும் இல்லாத தேசத்தில் வானத்துப் பறவைகளும் வாடும் என ஓசியா (4:1-3) முன்னரே இவ்விரண்டையும் இணைத்துள்ளார்.

ஆதலின் எரேமியாவின் இவ்வசனத்தைப் பிரசங்கிக்கும் போதகர், பறவையை ஒழுங்கின் உவமையாக மட்டும் காட்டி நிறுத்துதல் இனிப் போதாது. காலத்தை அறியாதவர் என அன்று கண்டிக்கப்பட்டவர், இன்று காலத்தை அறிந்த உயிர்களின் காலத்தையும் குலைத்துள்ளனர். மனந்திரும்புதலுக்கான அழைப்பு நாம் எரிக்கும் எரிபொருளையும், நிலத்தில் தெளிக்கும் நஞ்சையும், வெட்டும் மரத்தையும் உள்ளடக்கியது எனச் சபையார்க்கு எடுத்துரைப்பதே அவ்வசனத்திற்கு உண்மையாயிருப்பதாகும்.