சக்கேயு செய்தது தர்மம் மட்டுமா?

எரிகோவில் சக்கேயுவின் வீட்டிற்கு இயேசு விருந்தினராகச் சென்றதை நாம் அறிவோம் (லூக் 19:1-10). அன்று சக்கேயு இரண்டு வாக்குறுதிகள் தந்தார். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பது ஒன்று. எவரிடமாவது ஏமாற்றிப் பெற்றிருந்தால், அதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பது மற்றொன்று. முதலாவது தர்மம், இரண்டாவது ஈடுசெய்தல். பருவநிலை மாற்றம் குறித்து உலக நாடுகளிடையே நடக்கும் பெரிய வாதமும் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டு பாகிஸ்தானில் பெருவெள்ளம் ஏற்பட்டது. 1,700க்கும் அதிகமானோர் இறந்தனர். 3 கோடியே 30 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். சேதமும் இழப்புமாக 3,000 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. உலகைச் சூடாக்கும் வாயுக்களில் அந்நாட்டின் பங்கோ நூற்றில் ஒன்றுகூட இல்லை. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்தன. ஆனால் அதில் பெரும்பகுதி கடன்! பிறர் மூட்டிய நெருப்பில் வீட்டை இழந்தவரிடம், வட்டிக்குப் பணம் தருகிறோம் என்பது போன்றது இது.

கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்பிற்குச் செல்வந்த நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்று, சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு 1991லேயே கேட்டது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் இந்த இழப்பை ஏற்றுக்கொண்டது. ஆனால் இது சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்ற வரியும் அதனோடு நிறைவேறிய தீர்மானத்தில் சேர்க்கப்பட்டது. உதவி உண்டு, ஆனால் கடன்பட்டவர்கள் என்று எங்களைச் சொல்லாதீர்கள் என்பதே அதன் பொருள். 2022ல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்பிற்கான நிதியம் ஒன்று ஏற்கப்பட்டது. 2023ல் துபாயில் அதற்கு வாக்களிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். ஒரே நாட்டின் ஒரே வெள்ளத்திற்கு 3,000 கோடி. உலகம் முழுமைக்கும் 70 கோடி!

முன்னோர் அறியாமல் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம், சீனாவும் இந்தியாவும் இன்று பெருமளவு புகையை வெளியிடுகின்றனவே என்று அந்நாடுகள் கேட்கின்றன. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் 1992ல் ரியோவில் ஐ.நா. உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, அறியாமல் செய்தோம் என்று எவரும் சொல்ல இயலாது. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் சமமானதல்ல என்று அன்றே எல்லாரும் ஒப்புக்கொண்டனர். பருவநிலையைக் காக்கும் கடமையை மீறும் நாடு, அதனால் விளைந்த இழப்பு நிறுவப்படும்போது ஈடுசெய்ய வேண்டிவரலாம் என்று பன்னாட்டு நீதிமன்றமும் 2025 ஜூலையில் கருத்துரை வழங்கியது. அக்கருத்துரையைப் பெற முன்னின்று உழைத்ததும் வனுவாட்டுதான்.

நம் திருஅவைக்கு இது புதிய பாடமல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், வளர்ந்த நாடுகள் ஏழை நாடுகளுக்குப் பட்டுள்ள சூழலியல் கடனைப் பற்றிப் பேசினார். ஒப்புரவு அருளடையாளத்தில் நாமும் இதையே கற்கிறோம். திருடியவர் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, திருடியதைத் திருப்பித் தரவும் வேண்டும்.

சக்கேயு ஈடுசெய்ய முன்வந்த அன்றே அவர் வீட்டிற்கு மீட்பு வந்தது. நாடுகளின் தலைவர்களும் மரத்திலிருந்து இறங்கிவர மன்றாடுவோம். நம்மால் யாருக்கேனும் இழப்பு நேர்ந்திருந்தால், தர்மம் செய்துவிட்டு மனநிறைவு கொள்ளாமல், முதலில் ஈடுசெய்வோம்.