கசிப்புப் போத்தலும் பிள்ளையின் நிறையும்: வாகரை வேடர் கிராமங்களில் கண்டவை

வாகரைப் பக்கத்துக் கிராமமொன்றில், ஒரு தாய் தன் இரண்டு வயது மகளின் கிளினிக் பதிவேட்டை எனக்கு விரித்துக் காட்டினார். முதல் ஆறு மாதங்களும் வளர்ச்சிக் கோடு பச்சைப் பகுதிக்குள் மேலே ஏறுகிறது. அதற்குப் பிறகு படுத்துவிடுகிறது.

"பால் குடிச்ச மட்டும் நல்லா இருந்தவள் தங்கச்சி. சோறு குடுக்கத் தொடங்கின பிறகுதான் இப்பிடி" என்றார். கணவர் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர். அவர் குடிப்பாரா என்று நான் கேட்கவில்லை. தாயே சொன்னார்: "உழைக்கிற மனுசன்தான். ஆனா காசு வீட்ட வந்து சேராது."

வாகரை, பால்சேனை, கதிரவெளி தொடக்கம் திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், மூதூர் வரை தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. 1911 இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூலே இவர்களைக் கரையோர வேடர் என்று பதிவுசெய்திருக்கிறது. ஆனால் பெரும்பாலானோரின் பிறப்புச் சான்றிதழில் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கிறது. அதனால் இவர்களுடைய பிள்ளைகளின் போசாக்கு நிலை தனியாக எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை.

குடி எப்படிப் பிள்ளையின் நிறையைக் குறைக்கிறது? முதலாவது வழி எல்லோருக்கும் தெரிந்த காசு. ஒரு கால் போத்தல் சாராயத்தின் காசுக்கு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றாக இரண்டு கிழமைக்கு முட்டை வாங்கலாம். சாராயம் விலை ஏறினால் குடி நிற்பதில்லை, கசிப்புக்கு மாறுகிறது. கசிப்பு விற்பவர் கடனுக்குக் கொடுப்பார். கூலி கிடைக்கும் நாளில் முதலில் வசூலிப்பவரும் அவர்தான். பலசரக்குக் கடைக் கடன் பின்னுக்குப் போகிறது. கடைக்காரர் கடன் தர மறுக்கும்போது வீட்டில் முதலில் நிற்பது அரிசி அல்ல. முட்டை, பருப்பு, பால். பிடித்த மீனும் விற்பனைக்குப் போய்விடுகிறது. பிள்ளையின் வயிறு சோற்றால் நிரம்பும், ஆனால் உடல் வளராது.

இரண்டாவது வழி நேரம். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒன்பது மாதம் தொடக்கம் இரண்டு வயது வரையான பிள்ளைக்கு நாளுக்கு மூன்று நான்கு தடவை சாப்பாடும், இடையில் ஒன்றிரண்டு தடவை சிற்றுண்டியும் தேவை. தகப்பனின் காசு வராததால் தாய் கச்சான் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார். பாடசாலைக்குப் போகவேண்டிய அக்கா தம்பியைப் பார்க்கிறாள். அவள் கொடுப்பது வெறுந்தேநீரில் தோய்த்த பிஸ்கட். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவதையும் குறைக்கும். இரவில் தாய் சமைத்து முடிக்கும் நேரம்தான் தகப்பன் வெறியில் வரும் நேரம். சண்டை தொடங்கினால் பிள்ளை சாப்பிடாமலே நித்திரையாகிவிடும்.

மூன்றாவது வழி, உதவி ஐதாகிப் போவது. 1973 முதல் வழங்கப்பட்டு வரும் திரிபோசா நிறை குறைந்த பிள்ளைக்கு என்று கொடுக்கப்படுகிறது. வீட்டில் வேறு ஒன்றும் இல்லாதபோது அதை நாலு பேர் சாப்பிடுகிறார்கள். தாயைக் குறை சொல்ல முடியுமா? மற்றப் பிள்ளைகளும் பசியோடுதானே இருக்கிறார்கள்.

"அந்தச் சனம் அப்பிடித்தான், குடிச்சே அழியும்" என்று அலுத்துக்கொள்ளும் படித்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அது பொய். 2016 இன் தேசிய சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 15 சதவீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள். அவர்கள் எல்லோருடைய தகப்பன்மாரும் குடிகாரர்கள் அல்ல.

இந்த ஊர்கள் 2004 இல் கடலிடமும் 2006 இல் எறிகணைகளிடமும் உறவுகளைக் கொடுத்தவை. கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்தவர்கள் மேல் விழுந்த எறிகணைகளை யாரும் மறக்கவில்லை. தேனும் கிழங்கும் எடுத்த காட்டுக்குள் முன்போல் போக முடியவில்லை என்கிறார்கள் முதியவர்கள். "குடிச்சாத்தான் நித்திரை வரும்" என்றார் ஒரு தகப்பன். அவருடைய வலி உண்மை. அதற்கான விலையை அவருடைய மகள் கொடுக்கிறாள் என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

பொலிஸார் கசிப்பைப் பிடிக்கிறார்கள், தண்டப்பணம் கட்டியவர் மறு கிழமையே திரும்ப விற்கிறார். அதனால் வேறு வழிகளும் வேண்டும். நிறை குறைந்த பிள்ளையின் கிளினிக்குக்குத் தகப்பனையும் அழைக்கலாம். கூலியில் ஒரு பங்கை நேரடியாக மனைவியின் கையில் கொடுக்கும்படி முதலாளிமாரிடம் மீனவர் சங்கங்கள் பேசலாம். முன்பள்ளியில் தினமும் ஒருவேளை முட்டையோ பயறோ கிடைத்தால், வீட்டில் என்ன நடந்தாலும் அந்த ஒரு வேளை பிள்ளைக்கு உறுதி.

குடியை விட விரும்புகிறவருக்கு மருத்துவ உதவி உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். எனவே வைத்தியரைக் கேட்டு நிறுத்துவதே பாதுகாப்பு.

புறப்படும்போது அந்தத் தாய் பதிவேட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கூரையில் செருகினார். அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிப் போவீர்களா என்று கேட்டேன். "கூப்பிட்டா வருவார் தங்கச்சி. ஆரும் அவரைக் கூப்பிட்டதில்லை" என்றார்.