பாட்டோடு எழுத்து வருவது எப்படி?

கார் வானொலியில் பாட்டு ஓடுகிறது. திரையில் நிலையத்தின் பெயர் தெரிகிறது. எழுத்து காதில் விழாதது ஏன்? பண்பலையில் பாட்டு 15 கிலோஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். ஸ்டீரியோவுக்கான வழிகாட்டிச் சைகை 19இல் நிற்கும். அதன் மும்மடங்கான 57இல், செவிக்கு எட்டாத உயரத்தில், வினாடிக்கு 1187.5 பிட் வேகத்தில் எழுத்து போகிறது. 57,000ஐ 48ஆல் வகுத்தால் கிடைக்கும் எண் அது. ஒவ்வொரு 16 தகவல் பிட்டுக்கும் 10 காவல் பிட். அலை சிதறினால் பிழை பிடிபடும். இதற்குப் பெயர் ஆர்டிஎஸ். பொழுதுபோக்காகச் செய்த சிறு ஒலிபரப்பியின் ஒலி உள்ளீட்டில் இந்தச் சைகையைக் கொடுத்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 15க்கு மேற்பட்டதை அங்குள்ள வடிகட்டி வெட்டிவிடும். வடிகட்டியைத் தாண்டி, அலையெண்ணை அசைக்கும் வரக்டர் டயோட்டுக்குப் போகும் வழியில்தான் சேர்க்க வேண்டும். அதுவும் கொஞ்சமாக: மொத்த 75 கிலோஹேர்ட்ஸ் அசைவில் இரண்டு கிலோஹேர்ட்ஸ் அளவு.

கைத்தொலைபேசி இருக்கையில் இது எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய திருகோணமலைக் கரையில், சாம்பல்தீவு போன்ற ஊர்களுக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஆபத்து வேளையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் தொலைபேசி வலை திணறும். வானொலிக்குப் பத்துப் பேரும் பத்தாயிரம் பேரும் ஒன்றுதான். பழைய ஆர்டிஎஸ் எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை என்பது உண்மையான குறை. புதிய ஆர்டிஎஸ்2 யூனிக்கோடை ஏற்கிறது. அதைப் படிக்கும் பெட்டிகள்தான் பரவவில்லை. முயல்பவர்கள் அனுமதிப்பத்திரம் பெறாமல் அன்டெனாவில் இணைக்காதீர்கள். மேசையில், அன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் போலிச் சுமையில் சோதியுங்கள்.