கணக்கில் வராத வலி

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது நம் பழமொழி. பிறர் துன்பத்தை உணர முடியாத மனித இயல்பைச் சொல்வதற்குத் தலைவலியை எடுத்துக்காட்டாகத் தேர்ந்தவர்கள் அனுபவசாலிகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால், அதே தமிழில்தான் அண்டை வீட்டாரின் தொல்லை முதல் ஆட்சியாளர்களுக்கு நேரும் அரசியல் நெருக்கடி வரை அனைத்தையும் 'தலைவலி' என்கிறோம். சொல் இவ்வாறு மலிந்துவிட்டதால், மாதத்தில் பாதி நாள்களை இருட்டறையில் கழிக்கும் ஒருவர் 'தலைவலி' என்று சொல்லும்போது, ஒரு குவளை சுக்குக் காப்பியில் தீர்ந்துவிடும் சங்கதியாகவே அது கேட்பவர் காதில் விழுகிறது.

மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி அத்தகையதன்று. 'பாதி மண்டை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபே மைக்ரேன். தமிழிலும் 'ஒற்றை' என்றே பெயரிட்டிருக்கிறோம். ஆனால், இருபுறமும் வலிப்பவர்கள் பலர் உண்டு. ஒரு பக்கம் மட்டும் வலிக்காததால் இது வேறு ஏதோ ஒன்று என எண்ணி, மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுபவர்களுக்கு அந்தப் பெயரே பகையாகிவிடுகிறது.

இது மூளையையும் அதன் நரம்புகளையும் சார்ந்த நோய். மரபுவழித் தொடர்பு உடையது. வலி இதன் ஒரு பகுதி மட்டுமே. வலி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே காரணமற்ற கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பு தின்னும் ஆவல் போன்றவை தோன்றலாம். சிலருக்குக் கண்முன் வளைந்து நெளியும் ஒளிக்கோடுகள் தெரியும். பிறகு வரும் வலி, மருந்தின்றி விட்டால், 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். வெளிச்சம், ஓசை, மணம் எதையும் தாங்க முடியாது. தாளிக்கும் வாசனையே குமட்டும். வலி அடங்கிய பிறகும் ஓரிரு நாள்கள் மூளை பஞ்சுமூட்டைபோல் கனக்கும். மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாள்களேனும் ஒற்றைத் தலைவலிக்குரிய இயல்புடன் அமைந்து, இந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதை 'நாள்பட்ட ஒற்றைத் தலைவலி' என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது.

உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மனிதர்களைச் செயலிழக்கச் செய்யும் நோய்களின் வரிசையில் இதற்கு இரண்டாம் இடம். 50 வயதுக்குட்பட்ட பெண்களிடையே முதல் இடம் என்று 2019-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கீடு காட்டியது. கர்நாடகத்தில் பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் நடத்தப்பட்ட ஆய்வில், 18 முதல் 65 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. ஆயினும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் இதன் பெயர் இல்லை.

பொருளியல் பயின்றவள் என்பதால் இந்நோயை அளக்கும் முறைகள்மீது எனக்குத் தனி ஆர்வம் உண்டு. இருபத்து மூன்றாவது வயதில், ஆய்வு மாணவியாக இருந்தபோது எனக்கு இது தொடங்கியது. முப்பதாண்டுகளுக்கு மேல் உடன் வந்து, மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் தணிந்தது. பெண்கள் பலருக்கு இவ்வாறு தணிவதுண்டு. ஆகவே, ஆர்வம் முழுக்க ஏட்டளவிலானது என்று சொல்லிக்கொள்ள முடியாது.

உலகெங்கும் நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தாள் உண்டு. கேள்விகள் ஐந்தே. கடந்த மூன்று மாதங்களில் தலைவலியால் எத்தனை நாள்கள் பணிக்கோ படிப்புக்கோ செல்லவில்லை? எத்தனை நாள்கள் சென்றும் பாதிக்குக் குறைவாகவே வேலை செய்ய முடிந்தது? எத்தனை நாள்கள் வீட்டு வேலை செய்யவில்லை? எத்தனை நாள்கள் வீட்டு வேலை பாதியாயிற்று? எத்தனை நாள்கள் குடும்ப, சமூக நிகழ்ச்சிகளைத் தவறவிட்டீர்கள்? கூட்டுத்தொகை 21-ஐத் தொட்டால் பாதிப்பு கடுமையானது. நாட்டு வருமானக் கணக்கில் இடம்பெறாத அடுக்களை உழைப்பை, அலுவலக உழைப்புக்குச் சமமாக வைத்து எண்ணும் அளவுகோல்கள் வெகு சில. அவற்றுள் ஒன்றைப் பொருளியலாளர்கள் அல்லாமல் மருத்துவர்கள் உருவாக்கினார்கள் என்பது எங்கள் துறைக்கு அவ்வளவு பெருமை தரும் செய்தி அன்று.

இந்த நல்ல அளவுகோலிலும் அடங்காத ஒன்று இருக்கிறது. வலி இல்லாத நாள்கள். நாள்பட்ட தலைவலியால் அவதியுறுபவருக்கு வலி இல்லாத நாள், வலிக்காகக் காத்திருக்கும் நாள். உறவினர் திருமணத்துக்கு ரயில் முன்பதிவு செய்யும் முன், அன்றைக்குத் தலைவலி வந்தால் என்ன செய்வது என்று மனம் கேட்கும். கருத்தரங்க அழைப்புகளுக்கு 'வேறு பணி இருக்கிறது' என்று பதில் போகும். கோவில் திருவிழாவின் ஒலிபெருக்கி, பேருந்தின் டீசல் புகை, பக்கத்து இருக்கைக்காரரின் அத்தர் என எதிலும் எதிரி மறைந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை ஒருபோதும் ஓயாது. கொஞ்சம் கொஞ்சமாக வாழ்க்கை சுருங்குகிறது. சுருங்குவது பிறருக்குத் தெரிவதில்லை; 'அவர் எங்கும் வரமாட்டார்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிடுகிறது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஃபிராங்க் நைட், 1921-இல் வெளியிட்ட தம் நூலில், இடர் வேறு, நிச்சயமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார். நிகழ்தகவைக் கணக்கிட முடிவது இடர். அதற்கு எதிராகத் திட்டமிடலாம், காப்பீடு செய்யலாம். கணக்கிடவே முடியாதது நிச்சயமின்மை. அதன் முன் அஞ்சி நிற்க மட்டுமே முடியும். வணிகர்களை மனத்தில் வைத்து அவர் சொன்னது, ஒற்றைத் தலைவலிக்கு அப்படியே பொருந்துகிறது. இந்நோயின் மனச்சுமையில் பெரும்பங்கு நிச்சயமின்மையிலிருந்து வருவது. அதை இடராக மாற்றிக்கொள்ள ஓரளவு வழியும் உண்டு.

அவ்வழி, ஒரு சாதாரணக் குறிப்பேடு. வலி வந்த நாள், நேரம், கடுமை, முந்தைய இரவின் உறக்கம், தவறிய உணவு, மாதவிடாய் நாள், விழுங்கிய மாத்திரை, அது பலன் தந்த நேரம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும். என் எட்டு மாதக் குறிப்புகளைப் பின்னர் புரட்டியபோது, எங்கிருந்தோ பாய்வதாக நினைத்த வலியில் பெரும்பகுதி மூன்றே இடங்களில் குவிந்திருந்தது: மாதவிடாய்க்கு முந்தைய இரு நாள்கள், உணவு தவிர்த்த விரத நாளின் மாலை, விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து வரும் முதல் விடுமுறை. மூன்றாவது வியப்பளிக்கலாம். ஆனால், அழுத்தம் இருக்கும்போது வராமல் அது தளரும்போது வலி தாக்குவது பலருக்கும் நேர்வதுதான். எப்போது வரக்கூடும் என்று தெரிந்தபின் வலி குறைந்துவிடவில்லை; மற்ற நாள்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

குறிப்பேட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. அது குற்றப்பத்திரிகையாக மாறக் கூடாது. 'நீ வெயிலில் அலைந்தாய், சாக்லேட் தின்றாய், அதனால்தான் வந்தது' என்று வீட்டார் சொல்வதும், நோயாளியே தன்னை நொந்துகொள்வதும் இங்கே வழக்கம். இவற்றுள் சில தூண்டுதல்கள் உண்மையானவையே. எனினும், தாக்குதலின் முன்னறிகுறிகளைத் தூண்டுதல் என்று தவறாகக் கருதிவிட வாய்ப்பு உண்டு என்பது ஆய்வாளர்கள் வலியுறுத்தும் செய்தி. வெயில் கூசியதால் வலி வந்ததா, தாக்குதல் உள்ளுக்குள் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் வெயில் கூசியதா? இனிப்பு தின்றதால் வலியா, வலிக்கு முன்னோடியான மாற்றமே இனிப்பைத் தேடவைத்ததா? பல நேரங்களில் இரண்டாவதே சரியாக இருக்கக்கூடும்.

அடுத்தது, நம்பப்படாமை. எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு சாட்சி சொல்லும். காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்றே அறிக்கை வரும். அந்த அறிக்கையைக் கண்டு மகிழ வேண்டியவர் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். என்னுடன் பணியாற்றிய பெண்கள் சிலர் விடுப்பு விண்ணப்பத்தில் 'தலைவலி' என்று எழுதியதே இல்லை. 'காய்ச்சல்' என்றுதான் எழுதுவார்கள். உண்மையைவிடப் பொய்க்கு மதிப்பு அதிகம் என்பதை அலுவலகம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. வீட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. 'சமையல் நேரம் வந்தால் மருமகளுக்குத் தலைவலி வந்துவிடும்' என்ற ஒற்றை வாக்கியம் எத்தனை இளம்பெண்களை வலியோடு அடுப்படியில் நிற்கவைத்திருக்கிறது! ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகம் என்பதும், இதைப் பாசாங்கு என்று எளிதில் ஒதுக்க முடிவதும் தொடர்பற்ற இரு செய்திகள் அல்ல என்றே கருதுகிறேன்.

மனச்சோர்வும் பதற்றமும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. நாள்பட்ட நிலையில் மேலும் மிகுதி. இத்தொடர்பு இருவழிப்பாதை: வலி மனத்தைச் சாய்க்கும், சாய்ந்த மனம் வலியை வளர்க்கும். ஆனால், உளவியல் ஆலோசனை என்று மருத்துவர் வாயெடுத்தாலே, 'இது மனப்பிரமை என்கிறீர்களா?' என்று நோயாளி கொதிப்பார். காலமெல்லாம் நம்பப்படாதவருக்கு அந்தக் கோபம் இயல்பானதே. சிந்தனைப் போக்கையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை, தசைத் தளர்வுப் பயிற்சி போன்றவை பலன் தருவதற்கு ஆய்வுச் சான்று உண்டு. வலி கற்பனை என்பதால் அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. வலியோடு ஒட்டிக்கொண்ட அச்சத்தைப் பிரித்தெடுக்கவே பரிந்துரைக்கப்படுகின்றன. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால் தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம்.

மாத்திரை குறித்து எச்சரிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் எளிய வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, காஃபீன் போன்றவை சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாள்களோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் எடுத்துவந்தால் அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். எப்போதாவது வந்துகொண்டிருந்த தலைவலி நாள்பட்டதாக மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வலியின் அச்சத்தில், வலி வரும் முன்பே மாத்திரை போடுபவர்கள் இவ்வலையில் எளிதில் சிக்குகிறார்கள். அதிலிருந்து மீள்வதும் மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும்.

வலியை நிறுத்தும் மருந்து வேறு, வராமல் தடுக்கும் மருந்து வேறு என்ற வேறுபாடே நம்மில் பலருக்குத் தெரியாது. புரொப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகள் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை; விலையும் குறைவு. ஆனால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இரண்டாவது மருந்து மனச்சோர்வுக்கும் தரப்படுவது என்று இணையத்தில் படித்துவிட்டு, ஒரே வாரத்தில் குப்பைத்தொட்டியில் போடுபவர்களும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முதலாவது ஆகாது. ஒளிக்கோடுகளுடன் கூடிய தலைவலி உள்ள பெண்கள், கருத்தடை மாத்திரை எடுக்கும் முன் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும். சிலவகை மாத்திரைகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

புதிய மருந்துகளும் வந்திருக்கின்றன. தாக்குதலின்போது நரம்பு முனைகளில் சுரக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை அடையாளம் கண்டு, அதன் பங்கை நிறுவிய ஆய்வுகளுக்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021-இல் மூளை ஆய்வுக்கான பன்னாட்டுப் பரிசு வழங்கப்பட்டது. அப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தன. நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு அவற்றின் விலை இன்னும் எட்டாக்கனிதான். ஆனால், பழைய, மலிவான மருந்துகளே உரியவர்களுக்குப் போய்ச் சேராத நாட்டில் முதலில் சீர்செய்ய வேண்டியது எது என்பதை அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும்தான் சிந்திக்க வேண்டும்.

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடி விழுந்தாற்போல் நொடிகளில் உச்சம் தொடும் வலி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கைகால் பலவீனமோ பேச்சுக் குழறலோ உடன்வரும் வலி ஆகியவற்றுக்குக் குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குடும்பத்தினரும் அலுவலகத்தினரும் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. அறையை இருட்டாக்கி, தொலைக்காட்சியை அணைத்து, தண்ணீரும் மாத்திரையும் எட்டும் தொலைவில் வைத்துவிட்டு வெளியேறினால் போதும். வைத்தியம் சொல்லத் தேவையில்லை. நிகழ்ச்சிக்கு அழைக்கும்போது, 'முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் அன்று காலை சொன்னாலும் போதும்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்தால், பல மாதங்களாக வெளியே வராதவர் வரவும் கூடும். நான் ஓய்வுபெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், பருவத்தேர்வில் ஒரு மாணவி தன் தலைக்கு மேல் விட்டுவிட்டு மின்னிய குழல் விளக்கைக் காட்டி, 'மேம், இதற்குக் கீழே உட்கார்ந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்' என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அறைக் கண்காணிப்பாளர் காரணம் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. அவளை வராந்தா ஓரத்து மேசைக்கு மாற்றினார். மறுநாள் அந்த விளக்கையும் மாற்றச் சொன்னார். கல்லூரிக்கு அதனால் ஆன செலவு ஒரு குழல் விளக்கின் விலை.